அவருக்கும் பூத் தொடுக்கச் சொல்லித் தரலாமே!

பக்கவாதம் வந்து வலது கை விளங்காமல் போன என் மாமியாரை, வாடிப்பட்டியில் இருந்து பஸ் பிடித்து, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு பயிற்சிக்கு கூட்டிப் போய் வருகிறேன். 'ஆக்குபேஷனல் தெரபி' என்று பெயர். சுருக்கமாக, 'ஓ.டி.' என்கின்றனர், எங்க வீட்டுக்காரருக்கு, 'ஓவர் டைம்' தான் ஞாபகம் வருகிறது!

பிசியோதெரபி நடக்க வைக்கும் என்றால், இது சோறு பிசைய, தலை சீவ, ஜாக்கெட் ஊக்கு மாட்டப் பழக்கும். பலகையில் ஆணி அடித்து, அதில் வெங்காயத்தைக் குத்தி வைத்து, ஒற்றைக் கையால் நறுக்கச் சொல்லித் தருகின்றனர். ஜாக்கெட் போடும்போது முடியாத கையை முதலில் நுழைக்கணும். கழற்றும்போது கடைசியில் எடுக்கணும். வீட்டில் நோயாளி இருக்கும் தோழியர் இதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

அங்கே ஒரு திருநங்கையும் வந்தார். பூக்கட்டிப் பிழைத்தவர்; அவருக்கும் பக்கவாதம். சீட்டில் இருந்த பழைய ஆண் பெயரைச் சொல்லி சத்தமாகக் கூப்பிட, அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தனர். பயிற்சி தரும் பையன், சட்டை பட்டன் போடவும், ஷேவிங் செய்யவும் பழக்க ஆரம்பித்தான்.

'தம்பி... எனக்கு சேலை கட்டணும், கொண்டை போடணும், பூத் தொடுக்கணும். அதைச் சொல்லித் தாங்க...' என்றார்.

'நீங்க ஆம்பளை லிஸ்ட்ல இருக்கீங்க' என்று பதில் வந்தது.

மூன்றாவது வாரம் அவரைக் காணோம். கை திரும்ப வருவதற்கு முதல் சில மாதங்கள் தான் முக்கியமாம், அது வீணாகிறதே!

'அந்தப் புள்ள கையில ஒரு நார் உருண்டையைக் குடுத்தா என்ன குறைஞ்சு போகும்?' என்று, பஸ்சில் வரும் வழியெல்லாம் புலம்பினார் மாமியார்.

திருநங்கையருக்கு 2008லேயே நலவாரியம் அமைத்தது நம் தமிழ்நாடு. ஆஸ்பத்திரியில் இவர்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2019ல் சட்டமும் வந்தது. ஒருவரை ஒருவர் விரும்பிய மதுரைப் பெண்கள் இருவரின் வழக்கில், ஐகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து விஷயத்தைத் தெரிந்து கொண்ட பிறகே தீர்ப்பு சொன்னார். 'குணப்படுத்துகிறேன்' என்று இவர்களுக்கு வைத்தியம் பார்ப்பதற்கும், 2021ல் தடை போட்டார். நீதிபதியே பாடம் கேட்கும்போது, ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு என்ன கவுரவக் குறைச்சல்?

மாமியாருக்குப் பயிற்சி தரும் பெண்ணிடம் இதைக் கேட்டேன். 'எங்க படிப்புல இதைப் பத்தி ஒரு வரி கூட வரலக்கா...' என்றாள். பாவம், அவளைச் சொல்லி என்ன!

சீட்டு எழுதும்போதே, 'உங்களை எப்படிக் கூப்பிடணும், வீட்டில் உங்களைப் பார்த்துக் கொள்வது யார், தினமும் கையால் என்ன வேலை செய்வீர்கள்' என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். பார்த்துக் கொள்பவர் புருஷனோ, பெண்டாட்டியோ, கூட வாழும் தோழியோ... குளிக்க வைக்கும் முறையை அவருக்கும் சொல்லித் தரணும் தானே? இதற்கு புது மெஷினா வாங்கப் போகின்றனர்?

— ஒரு வாசகி, வாடிப்பட்டி.