இனிஷியலும் இன்டர்நேஷனல் பர்மிட்டும்

ஓட்டுநர் உரிமத்தில் 'சுந்தர் ஆர்'. பாஸ்போர்ட்டில் 'ராமசாமி சுந்தர்'. கிரெடிட் கார்டில் 'ஆர் சுந்தர்'. சென்னையை அடுத்த நம் காட்டுப்பாக்கத்தில் கேட்டால் எல்லாம் ஒரே ஆள்தான். வெளிநாட்டு விமான நிலையத்தில் வாடகைக் கார் கவுண்டரில் இருப்பவருக்கோ மூன்று பேர். அப்பா பெயரைச் சுருக்கி முன்னே வைப்பது நம் வழக்கம் என்று அங்கே நின்று விளக்க முடியாது.

கவுண்டரில் பெரும்பாலும் கேட்பவை நான்கு: பாஸ்போர்ட், அசல் உரிமம், ஓட்டுபவர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு, 'ஐ.டி.பி.' எனப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி. மகனின் கார்டில் டெபாசிட் கட்டி அப்பா ஓட்டுவதைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை.

ஐ.டி.பி.க்குக் காட்டுப்பாக்கத்தவர்கள் போக வேண்டியது பூந்தமல்லி ஆர்.டி.ஓ. அலுவலகம். விண்ணப்பத்தை முதலில் 'பரிவாகன்' தளத்தில் போட வேண்டும். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய். எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம் மட்டும் வைத்திருப்பவருக்குக் கிடைக்காது. மருத்துவச் சான்றும் விசாவும் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை 2021 ஜனவரியில் மத்திய அரசு எடுத்துவிட்டது. போய் இறங்கியபின் விசா தரும் நாடுகள் இருக்கும்போது அது தேவையற்ற தொல்லைதான். 2022 முதல் நாடெங்கும் ஒரே வடிவம், கியூஆர் கோடும் உண்டு. கூடுதல்பட்சம் ஓராண்டுதான் செல்லும். பத்தாண்டு, இருபதாண்டு 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' என்று இணையத்தில் விற்பதை வாங்கினால் பணம்தான் போகும்.

முறையான ஐ.டி.பி.யும் எல்லா நாட்டிலும் எடுபடாது. நமது ஐ.டி.பி. 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி தரப்படுவது. ஜப்பான் அதை ஏற்கிறது. சீனப் பெருநிலத்தில் எந்த நாட்டு ஐ.டி.பி.யும் செல்லாது. பக்கத்து இலங்கையில் உள்ளூர் அனுமதியும் வேண்டும். வெளிநாட்டவருக்கான தற்காலிக உரிமத்தை 2025 ஆகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தருகிறார்கள்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். உரிமத்தில் பெயரை மாற்றவும் பரிவாகனிலேயே விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி அதை முதலில் திருத்திவிட்டு ஐ.டி.பி.க்குப் போனால் இரண்டும் ஒத்துவரும். கார் முன்பதிவிலும் அதே எழுத்துகளைப் போடுங்கள். ஐ.டி.பி. உங்கள் உரிமத்தின் மொழிபெயர்ப்பு போன்றது, தனியாகச் செல்லாது. அது கைக்கு வந்துவிட்டதே என்று அசல் உரிமத்தைப் பீரோவில் வைத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள்.