களத்தோரம் – 9: புரண்ட கணுக்கால்

கபடியில் மூலையில் நிற்கும் டிஃபென்டர் பாய்ந்து ரெய்டரின் கணுக்காலைப் பிடிக்கிறார். ஆங்கிள் ஹோல்ட். ரெய்டர் கோட்டை நோக்கி உடம்பைத் திருப்புகிறார். பிடிபட்ட பாதம் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. வாலிபாலில் வலைக்கடியில் எதிராளியின் ஷூ மேல் கால் இறங்குகிறது. கால்பந்து மைதானத்தில் ஒரு குழி போதும். வழி எதுவானாலும் புரளுவது கணுக்கால்.

விளையாட்டுக் காயங்களில் இதைவிடச் சகஜமானது இல்லை என்றே சொல்லலாம். சகஜம் என்பதாலேயே யாரும் மதிப்பதில்லை. முழங்கால் லிகமென்ட் என்றால் வீடே பதறும், எம்.ஆர்.ஐ.க்கு ஓடுவார்கள். கணுக்கால் என்றால் ஸ்ப்ரே, கிரேப் பேண்டேஜ், நாலு நாள் ஓய்வு, அடுத்த மேட்ச். சில மாதத்தில் அதே கால் மறுபடி புரளும். 'அவனுக்கு அந்தக் கால் எப்பவும் வீக்கு' என்று கோச் சொல்வார். பிறவியிலேயே வீக்கான கால் அபூர்வம். பெரும்பாலும் முதல் காயத்தை அரைகுறையாகக் கவனித்து நாம்தான் அப்படி ஆக்கிவிடுகிறோம். பயிற்சி மாணவர்களுக்கு இந்த வாரம் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

முதலில் கட்டுமானம். கீழ்க்காலின் இரண்டு எலும்புகளான டிபியாவும் ஃபிபுலாவும் கவட்டைபோல் இறங்கி, நடுவே டேலஸ் என்ற எலும்பைப் பிடித்திருக்கின்றன. டேலஸின் மேற்பரப்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் அகலமான பகுதி உள்ளே வந்து மூட்டு இறுகிவிடும். முன்பாதத்தில் நின்றால் குறுகலான பகுதி வரும், மூட்டு தளரும். குதித்து முன்பாதத்தில் இறங்கும் அந்த நொடியில் எலும்பின் துணை குறைவு. பாரமெல்லாம் லிகமென்ட் தலையில். அப்போது பாதம் உள்பக்கமாக மடங்கினால் வெளிப்பக்கம் கிழிகிறது.

வெளிப்பக்கம் மூன்று லிகமென்ட்கள். முன்னால் இருக்கும் ஏ.டி.எஃப்.எல். மூன்றிலும் நோஞ்சான், முதலில் போவது அதுதான். விசை அதிகமானால் குதிகால் எலும்புக்கு இறங்கும் சி.எஃப்.எல்.லும் சேர்ந்துகொள்ளும். பின்னால் இருப்பது அபூர்வமாகத்தான் கிழியும். உள்பக்கத்து டெல்டாய்டு மிக வலுவானது. அது இழுபடும்போது தான் கிழியாமல் எலும்புத் துண்டைப் பெயர்த்துக்கொண்டு வருவதும் உண்டு; அதற்கு அவல்ஷன் என்று பெயர். ஆகவே உள்பக்கம் வலிக்கிறது என்று ஒரு வீரர் சொன்னால் கூடுதலாகப் பயப்படுங்கள்.

இன்னொன்று, மேல்கணுக்கால் ஸ்ப்ரெய்ன். டிபியாவையும் ஃபிபுலாவையும் ஒன்றாகப் பிணைத்திருக்கும் இடம் பிளவுபடுவது. பாதம் வெளிப்பக்கமாக முறுக்கப்படும்போது வரும். ஆங்கிள் ஹோல்டிலும் இதற்கு இடமுண்டு. வீக்கம் ஏமாற்றும் அளவுக்குக் குறைவு, ஆறுவதற்கோ சாதாரண ஸ்ப்ரெய்னைவிட ரொம்ப நாள் பிடிக்கும். கெண்டைக்கால் மட்டத்தில் இரண்டு எலும்பையும் சேர்த்து அமுக்கும்போது கீழே கணுக்காலில் வலித்தால் சந்தேகப்படுங்கள்.

ஸ்ப்ரெய்ன், ஸ்ட்ரெய்ன் குழப்பத்துக்கு ஒரு வரி போதும்: எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட் அடிபட்டால் ஸ்ப்ரெய்ன், தசையோ, அதை எலும்போடு சேர்க்கும் டெண்டனோ அடிபட்டால் ஸ்ட்ரெய்ன். இரண்டுக்கும் மூன்று கிரேடு: இழுபட்டது, பாதி கிழிந்தது, முழுதும் கிழிந்தது. மூன்றாம் கிரேடில்தான் வலி அதிகம் என்று கணக்குப் போடாதீர்கள். முழுதாக அறுந்ததை இழுக்கும்போது சில சமயம் வலி குறைவாகவே இருக்கும்.

இப்போது களத்துக்கு வாருங்கள். பையன் கீழே கிடக்கிறான், சுற்றி ஏழெட்டுப் பேர், ஒருவர் ஏற்கெனவே காலைப் பிடித்து நீவிக்கொண்டிருப்பார். அவரை மரியாதையாக விலக்குங்கள். தொடுவதற்கு முன் கேளுங்கள். 'தம்பி, கால் எந்தப் பக்கம் மடங்குச்சு? முன்னாடி இந்தக் கால்ல அடிபட்டிருக்கா?' 'உள்பக்கமா மடங்குச்சு சார். போன வருஷமும் இதே கால்தான்.' அந்த இரண்டாவது பதில் முக்கியம், குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மற்றக் காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதம் கோணலாக இருந்தாலோ, விரல்கள் வெளுத்தாலோ, மரத்துப்போயிருந்தாலோ சோதனை எதுவும் வேண்டாம். அசையாமல் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

அப்படி இல்லையென்றால் கட்டைவிரலுக்கு வேலை. வலிக்காத இடத்தில் தொடங்கி வலிக்கும் இடத்துக்கு வாருங்கள். வெளிப்பக்க எலும்புப் புடைப்பின் நுனியையும், அங்கிருந்து 6 செ.மீ. மேல்வரை அதன் பின்விளிம்பையும் அழுத்துங்கள். உள்பக்கமும் அப்படியே. பிறகு பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலிலிருந்து பின்னால் வந்தால் நடுவில் தட்டுப்படும் மேடு. ஐந்தாவது மெட்டாடார்சலின் அடிப்பகுதி. கடைசியாகப் பாதத்தின் உள்பக்கம் நாவிகுலர். இவற்றில் எங்காவது எலும்பின் மேலேயே வலித்தால் எக்ஸ்ரே. நொண்டியாவது நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரே. கனடாவின் ஒட்டாவா நகரில் டாக்டர் இயன் ஸ்டீல் குழுவினர் 1992-இல் வெளியிட்ட ஒட்டாவா விதிகளின் சாரம் இதுதான். தேவையற்ற எக்ஸ்ரேக்களைக் குறைக்கப் பிறந்த விதி. முறிவைத் தவறவிடாமல் இருப்பதில் அதற்கு ஈடானது குறைவு. மெஷின் இல்லாத மைதானத்தில் உங்கள் கட்டைவிரலை இவ்வளவு நம்பலாம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

'நடக்கிறானே, எலும்பு முறிந்திருக்காது' என்ற வாதத்துக்கு மட்டும் மயங்காதீர்கள். உடம்பின் எடையில் பெரும்பகுதியை டிபியா தாங்கிக்கொள்கிறது. ஃபிபுலா நுனி முறிந்தும் சிலர் நடப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் இன்னும் கவனம் தேவை. அவர்களுக்கு எலும்பு வளரும் தட்டு இன்னும் மூடியிருக்காது. லிகமென்டைவிட அதுவே பலவீனமான இடமாக இருக்கலாம்.

முறிவு இல்லை என்று தெரிந்தபின் என்ன செய்வது? ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து ரைஸ் என்று பெயரிட்டவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், 1978-இல். பிற்பாடு அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று கருத்தை மாற்றிக்கொண்டார். அழற்சி என்பது பழுதுபார்க்க வரும் முதல் கூட்டம். அதை ஒரேயடியாக விரட்டுவதில் லாபமில்லை என்பது இன்றைய பார்வை. ஐஸ் வலியைக் குறைக்கும். அதற்காகத் துணி சுற்றிக் கொஞ்ச நேரம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இழுபறி இருப்பது ஓய்வு விஷயத்தில். முதல் ஓரிரு நாள் காலைப் பாதுகாத்துவிட்டு, வலி அனுமதிக்கும் அளவுக்குச் சீக்கிரமே பாரம் ஏற்றத் தொடங்க வேண்டும். லிகமென்டின் புதிய நார்கள் இழுவிசையைப் பார்த்துத்தான் வரிசையாக அமைகின்றன.

நம்மூர் எண்ணெய் நீவலுக்கு வருவோம். முதல் இரண்டு மூன்று நாளில் வெந்நீர் ஒத்தடமும் அழுத்தி நீவுவதும் உள்ளே கசிவைக் கூட்டும், கூடாது. சில வாரம் கழித்து இதமாகத் தேய்த்துவிடுவதில் கெடுதல் ஒன்றுமில்லை. பாட்டியிடம் சண்டை போடாமல் தேதியை மட்டும் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

லிகமென்ட் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பார்க்கும் முன்னிழுப்புச் சோதனையை அன்றே செய்ய வேண்டியதில்லை. வீக்கமும் வலியும் தசைகளை இறுக்கிவிடுவதால் விடை தெளிவாக இராது. நான்கைந்து நாள் கழித்துச் செய்தால் நம்பகம் கூடும்.

இனி, பலரும் விட்டுவிடும் பகுதி. லிகமென்ட் வெறும் கயிறு இல்லை. மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அதற்குள் இருக்கின்றன. கண்ணை மூடினாலும் பாதம் எப்படித் திரும்பியிருக்கிறது என்று தெரிவது இதனால்தான். புரோப்ரியோசெப்ஷன் என்பார்கள். லிகமென்ட் கிழியும்போது இந்தத் தகவலும் குழம்புகிறது. 1965-இல் இங்கிலாந்தின் ஃப்ரீமன் இதை முன்வைத்து, ஆடும் பலகையில் நின்று பழகியவர்களுக்குக் கால் தடுமாறும் தொல்லை குறைவதையும் காட்டினார். வலி பத்து நாளில் போய்விடலாம், வீக்கமும் வடியலாம், சமநிலை திரும்பியிருக்காது. சந்தேகமிருந்தால் அடிபட்ட பையனைக் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லுங்கள். நல்ல காலில் அசையாமல் நிற்பவன், அடிபட்ட காலில் சில நொடியிலேயே கையை வீசித் தடுமாறுவான். கோச்சையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். 'நாளைக்கு செமி ஃபைனல்ப்பா, வலி இல்லேங்கிறான்' என்பவருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

களத்துக்கு அனுப்புமுன் நான் பார்ப்பவை: இரண்டு கணுக்காலும் ஒரே அளவு மடங்குகிறதா, ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துவதில் வித்தியாசம் இல்லையா, ஒற்றைக்காலில் தாண்டும் தூரம் மற்றக் காலுக்குப் பக்கத்தில் வருகிறதா, ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது முகம் சுளிக்கிறானா. கடைசியில் சொன்னதற்கு அளவுகோல் கிடையாது, பார்த்துப் பழக வேண்டும்.

டேப் ஒட்டினால் போதுமா என்று ஒவ்வொரு பேட்ச்சிலும் கேட்பார்கள். டேப் உதவும், ஆனால் அரைமணி ஆட்டத்தில், வியர்வையில், அதன் பிடி நன்றாகவே தளர்ந்துவிடும். சீசன் முழுக்க ஆடுபவருக்குக் கயிறு கட்டும் பிரேஸ் சிக்கனம். எது போட்டாலும் ஒற்றைக்கால் பயிற்சி நிற்கக் கூடாது. பல வாரங்கள் தொடர வேண்டும். அதற்கு ஃபிசியோவும் வேண்டாம், பலகையும் வேண்டாம். ஹாஸ்டல் பையன்களுக்கு நான் தரும் கணக்கு: காலையில் பல் தேய்க்கும்போது ஒரு கால், இரவில் மறு கால், ஒரு வாரம் கழித்து மடித்த தலையணை மேல் நின்று, அதன்பின் கண்ணை மூடி, சுவருக்குப் பக்கத்தில்.