672 பைட்டில் சதுரங்கம்... தெரியுமா?

'தொடாதீர்கள்' என்று பலகை மாட்டிய மியூசியம் இல்லை இது! 1997இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய 'விண்டேஜ் கம்ப்யூட்டர் ஃபெஸ்டிவல்', பழைய கம்ப்யூட்டர் பித்தர்களின் திருவிழா. மேஜைக்கு மேஜை அந்தக்கால கம்ப்யூட்டர்கள் உயிரோடு ஓடும். வருகிறவர்கள் உட்கார்ந்து தட்டிப் பார்க்கலாம். வாங்க, ஒரு சுற்று சுற்றுவோம்!

★ 1981இல் பிரிட்டனில் வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ்81இன் நினைவகம் எவ்வளவு தெரியுமா? வெறும் 1 கேபி! இந்தக் கட்டுரையை யூனிகோடில் தட்டினால் நாலைந்து வரியிலேயே அது தீர்ந்துவிடும். அதற்குள் 672 பைட்டில் சதுரங்கம் எழுதினார் டேவிட் ஹோர்ன். எதிரே உட்கார்ந்து காய் நகர்த்துவது கம்ப்யூட்டரேதான்! இடம் போதாதவர்கள் 16 கேபி நினைவகப் பெட்டியைக் கம்ப்யூட்டரின் முதுகில் செருகுவார்கள். மேஜை லேசாக ஆடினால் தட்டியதெல்லாம் போச்சு!

★ ரேடியோவில் சாஃப்ட்வேர் ஒலிபரப்பினார்கள் தெரியுமா? 1980களில் நெதர்லாந்தின் 'ஹாபிஸ்கூப்' நிகழ்ச்சியில் திடீரென்று 'கீ...ர்ர்ர்' என்று இரைச்சல் கேட்கும். ரேடியோ கெட்டுப்போகவில்லை, புரோகிராம் வருகிறது! கேசட்டில் பதிந்து கம்ப்யூட்டருக்குப் போட்டுக் காட்டினால் ஓடும். இன்டர்நெட் வீட்டுக்கு வருமுன்பே டவுன்லோடு!

★ பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரின் 32 கேபி நினைவகத்துக்குள் எத்தனை கோள்கள் அடங்கும்? 1984இல் வந்த 'எலைட்' விளையாட்டில் 2,048! எதையும் சேமித்து வைக்கவில்லை. சில விதை எண்களிலிருந்து ஒவ்வொரு கோளையும் அவ்வப்போது கணக்குப் போட்டே உருவாக்கியது. இதே பிபிசி மைக்ரோதான் 'கிளாஸ்' என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கும் வந்தது.

★ பிபிசி மைக்ரோவைத் தயாரித்த ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் உருவாக்கிய புது சிப் 1985இல் மேஜைக்கு வந்தது. வேலை செய்கிறது! ஆனால் மீட்டர் காட்டிய மின்சாரம்? பூஜ்யம்! மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை. சுற்றியிருந்த சர்க்யூட்டிலிருந்து கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடியிருக்கிறது. சிக்கனத்தில் பிறந்த அந்த 'ஆர்ம்' சிப்பின் வாரிசுதான் இன்று உங்கள் செல்ஃபோனுக்குள்.

★ பழைய கம்ப்யூட்டர்கள் மஞ்சள் பூத்துவிடுமே, வெளுப்பது எப்படி? ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி வெயிலில் வைக்கிறார்கள்!

★ சில கிழட்டுச் சிங்கங்களால் திருவிழாவுக்கு வரவே முடியவில்லை. ஏன் தெரியுமா? வேலை இருந்தது! போலந்தின் க்டான்ஸ்க் நகர கார் ஒர்க்ஷாப் ஒன்றில் கமடோர் 64 கம்ப்யூட்டர் ஒன்று 25 ஆண்டுகளுக்கு மேல் டிரைவ் ஷாஃப்ட்டுகளைச் சமன்பார்த்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸில் 19 பள்ளிக்கூடங்களின் ஹீட்டரையும் ஏசியையும் சுமார் 30 வருடம் கட்டி மேய்த்தது ஒற்றை அமிகா கம்ப்யூட்டர்!

கிளம்புமுன் ஒரு கமடோர் 64ஐ ஆன் செய்து பாருங்கள். அப்டேட் கேட்காது, பாஸ்வேர்டு கேட்காது. சில நொடியில் நீலத்திரையில் வந்து நிற்கும் வார்த்தை: 'ரெடி'. நாம் ரெடியா?