குரு கிரந்த் சாகிப் கையெழுத்துப் பிரதிகள்

குரு கிரந்த் சாகிப் கையெழுத்துப் பிரதிகள் என்பவை சீக்கியரின் புனித நூலைக் குர்முகி எழுத்தில் கையால் படியெடுத்த நூல்கள் ஆகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சுப் பதிப்புகள் வரும்வரை இந்நூல் இப்பிரதிகள் வழியாகவே பரவியது. படியெடுப்பவர் லிகாரி எனப்பட்டார்.

1708 முதல் சீக்கியர் இந்நூலையே தம் குருவாகக் கொண்டுள்ளனர். ஆகவே படியெடுப்பதில் நேரும் சொல் மாற்றம் வெறும் எழுத்துப் பிழையாகக் கருதப்படுவதில்லை. ஏழாம் குரு அர் ராயின் மகன் ராம் ராய், அவுரங்கசீப்பின் அவையில் குரு நானக்கின் பாடலில் ஒரே ஒரு சொல்லை மாற்றிச் சொன்னதற்காகத் தந்தையால் விலக்கி வைக்கப்பட்டார் என்பது சீக்கிய மரபு.

மூலமும் கிளைகளும்

ஐந்தாம் குரு அர்ஜன் தொகுத்து, பாய் குர்தாஸ் எழுதிய ஆதி கிரந்தம் 1604 இல் அமிர்தசரசில் உள்ள அர்மந்திர் சாகிப்பில் வைக்கப்பட்டது. ஜலந்தர் மாவட்டக் கர்த்தார்பூரில் சோதி குடும்பத்தாரிடம் உள்ள பிரதியே அந்த மூலம் என்று மரபாகக் கொள்ளப்படுகிறது. பாய் பன்னோவின் பெயரால் வழங்கும் பிரதியில் மூலத்தில் இல்லாத சில பாடல்கள் கூடுதலாக உள்ளன. அதைப் பார்த்து எழுதியவற்றிலும் அவை தொடர்ந்தன. பின்னர் குரு கோவிந்த் சிங், தம் தந்தை குரு தேக் பகதூரின் பாடல்களைச் சேர்த்தார். இவ்வடிவத்தைத் தம்தமாவில் பாய் மணி சிங் எழுதினார் என்பர். இன்றைய 1430 பக்க அச்சு நூல் இதையே பின்பற்றுகிறது.

பிழை தவிர்க்கும் முறைகள்

இடைச்செருகலுக்கு எதிரான முதற்காவல் எண்களே. ஒவ்வொரு பாடலின் முடிவிலும் அதன் அடித்தொகுதிகளின் எண்ணிக்கையும் பாடலின் வரிசை எண்ணும் தரப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, 4, 1 என அடுத்தடுத்து இருந்தால் நான்கு அடித்தொகுதிகள் கொண்ட முதல் பாடல் என்று பொருள். பல இடங்களில் ஒரு குருவின் பாடல்களுக்கான கூட்டுத்தொகையும் உண்டு. புதிதாக ஒன்றைச் செருகினாலோ ஒன்றை விட்டுவிட்டாலோ பின்வரும் கணக்கு முழுவதும் இடிக்கும். ஆனால் ஒரு வரிக்குள் சொல் மாறினால் எண்கள் காட்டிக்கொடுக்கமாட்டா. அதற்கு மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அத்தகைய ஒப்பீட்டின் தடம் நூலுக்குள்ளேயே இருக்கிறது. வார் எனப்படும் நெடும்பாடல்கள் பலவற்றின் இறுதியில் 'சுத்' (சரியானது) என்றும், சிலவற்றில் 'சுத் கீச்சை' (சரிசெய்க) என்றும் குறிப்புகள் உள்ளன. பாய் குர்தாஸ் எழுதியதைக் குரு அர்ஜன் சரிபார்த்த குறிப்புகளாக இவற்றை மரபு விளக்குகிறது. இவை பாடலின் பகுதி அல்ல. ஆயினும் படியெடுத்தவர்கள் எதையும் விடக்கூடாது என்று இவற்றையும் எழுதினர். இன்றைய அச்சிலும் அவை அப்படியே நிற்கின்றன.

தவறாக எழுதியதை மறைக்க அரிதாரம் பூசப்பட்டது. கர்த்தார்பூர் பிரதியிலும் இவ்வாறு பூசிய இடங்கள் உண்டு.

பழைய பிரதிகள் சொற்களுக்கிடையே இடைவெளி விடாமல் எழுதப்பட்டன. இம்முறை லடீவார் எனப்படும். ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இது புதிதல்ல. எங்கே பிரிப்பது என்ற முடிவு படிப்பவருடையது. லிகாரி தம் பொருள்கோளைப் பாடத்தில் ஏற்ற வேண்டியதில்லை. சொல் பிரித்து அச்சிட்ட பதிப்புகள் வந்தபோது எழுந்த தயக்கத்துக்கும் இதுவே காரணம்.

மை

சில பிரதிகளின் இறுதியில் மை தயாரிக்கும் குறிப்பு காணப்படுகிறது. விளக்குக் கரி, கருவேலம் பிசின் முதலியவற்றைச் செப்புப் பாத்திரத்தில் இட்டு வேப்பங்கட்டையால் 20 நாள் தேய்க்க வேண்டும் என்கிறது அது.

இன்றைய நிலை

சிதைந்த பிரதிகளைக் குருவின் உடலாகவே கருதி, கோயிந்த்வாலில் மரியாதையுடன் தீயிடும் வழக்கம் உள்ளது. பழங்கையெழுத்துப் பிரதிகளும் இவ்வாறு எரிக்கப்பட்டால், பாட ஒப்பீட்டுக்கான சான்றுகள் அவற்றோடு அழிந்துவிடும். 1984 சூனில் பொற்கோயில் வளாகத்தில் நடந்த இராணுவ நடவடிக்கையின்போது சீக்கிய ஆய்வு நூலகத்தின் சுவடிகளும் இழக்கப்பட்டன. எஞ்சியவற்றைப் பஞ்சாப் மின்னூலகம் 2003 முதல் படமெடுத்து வருகிறது.