காட்டுத் தீயைக் காட்டிக் கொடுக்கும் "வெப்பக் கண்"

பெங்களூரிலிருந்து மைசூர், குண்டல்பேட்டை வழியாக ஊட்டிக்குப் பஸ்சில் போகிறவர்களுக்குப் பந்திப்பூர் காடு தெரியாமல் இராது. யானை தெரிகிறதா, மான் தெரிகிறதா என்று குழந்தைகள் ஜன்னலோரம் முண்டியடிக்கும் இடம் அது.

2019-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அந்தக் காடு ஐந்து நாட்கள் எரிந்தது. சுமார் 10 ஆயிரம் ஏக்கர் கருகியது. வெயிலில் காய்ந்து கிடந்த உண்ணிச்செடிப் புதர்கள் தீக்கு நல்ல தீனி. கடைசியில், கோவையை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் வந்து தண்ணீரைக் கொட்ட வேண்டியதாயிற்று.

அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் 11-ந் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் மாண்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தீ சிறிதாக இருக்கும்போதே தெரிந்துவிட்டால் எவ்வளவோ நல்லது. அது எப்படித் தெரியும்?

கண்ணுக்குத் தெரியாத ஒளி

1800-ம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர், வெயிலை முப்பட்டகக் கண்ணாடியால் நிறம் நிறமாகப் பிரித்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்தில் வைத்த தெர்மாமீட்டர் சூடேறியது! அதுதான் அகச்சிவப்புக் கதிர். சூடான பொருள் எதுவும் இதை வீசும். இரவானாலும் அகச்சிவப்புக் காமிராவுக்கு நெருப்பு பளிச்சென்று தெரியும்.

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், 2004 முதல் துணைக்கோள்களின் உதவியோடு காட்டுத் தீயைக் கண்டுபிடித்து மாநிலங்களுக்குத் தகவல் சொல்லி வருகிறது. ஆனால் இந்தத் துணைக்கோள்கள் எந்நேரமும் தலைக்கு மேலே நிற்பவை அல்ல; நாளுக்குச் சில தடவைதான் கடந்து போகும். படத்தில் ஒரு புள்ளி என்றால், தரையில் 375 மீட்டர் நீளம், அதே அளவு அகலம். அதற்குள் தீ எங்கே என்று காவலர்தான் தேட வேண்டும்.

பாறையா, நெருப்பா?

ஆகவே உயரமான கோபுரங்களில் காமிரா வைக்கும் வழக்கம் வந்தது. அதிலும் தொல்லை உண்டு. உச்சி வெயிலில் பாறையும் தகரக் கூரையும் கொதிக்கும். காலைப் பனி புகையைப் போலவே இருக்கும். நாள் முழுதும் திரையைப் பார்க்கும் மனிதனுக்கோ கண் சொக்கும்.

இந்த வேலையைத்தான் கம்ப்யூட்டரிடம் விட்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான தீ, புகைப் படங்களைக் காட்டி அதைப் பழக்குகிறார்கள். பாறை சூடானாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். தீ துடிக்கும், பரவும். இந்த வித்தியாசத்தை அது பிடித்துக்கொள்கிறது. மராட்டிய மாநிலம் பெஞ்ச் புலிகள் காப்பகத்தில், புகையைக் கண்டதும் சில நிமிடங்களில் செய்தி அனுப்பும் இத்தகைய காமிரா 2024-ல் வந்தது.

செய்தி வந்த பிறகு? பள்ளத்தாக்கில் பல இடங்களில் செல்போன் பேசாது. ஜீப் போகாத சரிவில், தீக்காவலர்கள் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு நடந்துதான் போக வேண்டும். அவர்களில் பலர் கோடைக்கு மட்டும் வேலைக்கு எடுக்கப்படும் காட்டோர கிராமத்து ஆட்கள்.