'டூயட்' பட சாக்ஸபோன் அமெரிக்க ஜாஸில் கலந்தது எப்படி? 'கின்ஸ்மென்' ஆல்பம் பற்றித் தெரியுமா?

1994-ல் வந்த 'டூயட்' படத்தில் பிரபு கையில் சாக்ஸபோன் இருக்கும். ஆனா ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் அதை நிஜத்தில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். அதே கத்ரி, 2008-ல் வெளியான 'கின்ஸ்மென்' என்ற ஜாஸ் ஆல்பத்திலும் வாசித்திருக்கிறார்.

யாருடைய ஆல்பம்?

ருத்ரேஷ் மகந்தப்பா. இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்த ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர். பெர்க்லீ இசைக் கல்லூரியில் படித்தபோது, அவருடைய சகோதரர் விளையாட்டாக ஒரு ஆல்பத்தைப் பரிசளித்தார். அது கத்ரியின் 'சாக்ஸபோன் இந்தியன் ஸ்டைல்'. விளையாட்டாக வந்த பரிசுதான் பின்னாளில் இருவரையும் ஒரே ஆல்பத்தில் சேர்த்தது.

சாக்ஸபோனில் கமகம் வருமா?

இதுதான் பெரிய சவால். நாதஸ்வரத்தில் துளையை விரலால் பாதி மூடி ஸ்வரத்தை வழுக்க முடியும். சாக்ஸபோனில் விரல் துளையைத் தொடாது. சாவியை அழுத்தினால் மூடி போய் மூடும். அதனால் குழைவு கிடைப்பது கஷ்டம். நாதஸ்வரக் கலைஞரின் மகனான கத்ரி, சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் பயின்றவர். வாத்தியத்தில் சில மாற்றங்கள் செய்து, பல வருஷ சாதகத்தில் கமகத்தைக் கொண்டுவந்தார்.

ஜாஸும் கர்னாடகமும் எங்கே முட்டும்?

கர்னாடக இசையில் சுருதி மாறாது. ராகத்துக்குள் நின்றுதான் கற்பனை. ஜாஸில் பெரும்பாலும் அடியில் கார்டு மாறிக்கொண்டே இருக்கும். இரண்டையும் சேர்க்கும்போது, நம்ம வாத்தியம் வெறும் 'கலர்' கொடுக்கும் பின்னணியாகிவிடும் ஆபத்து உண்டு. இந்த ஆல்பத்தில் அது நடக்கவில்லை. கத்ரி ராகத்தை விடவில்லை, மகந்தப்பா ஜாஸை விடவில்லை. ஒரே வாத்தியம், இரண்டு இலக்கணம். 'கின்ஸ்மென்' என்றால் உறவுக்காரர்கள் என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தானே!

வேறு யாரெல்லாம் இருக்காங்க?

குழுவின் பெயர் 'தக்ஷிணா என்செம்பிள்'. வயலின் ஏ.கன்யாகுமரி, மிருதங்கம் பூவலூர் ஸ்ரீஜி. கிடார் ரெஸ் அப்பாஸி, பேஸ் கார்லோ டி ரோஸா, டிரம்ஸ் ராயல் ஹார்டிகன். கன்யாகுமரி 2016-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். அந்த விருதை வாங்கிய முதல் பெண் வயலின் கலைஞர்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் கச்சேரி கேட்டுப் பழகியவங்க 'கன்யா-ஆலாப்', 'கல்யாணி' இரண்டிலிருந்து தொடங்கலாம். ராகம் பிடிபட்ட பிறகு மற்ற டிராக்குகளுக்குப் போங்க. ஹெட்போன் போட்டுக் கேட்டால், எந்த சாக்ஸபோன் யாருடையது என்பதைக் குழைவை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

கத்ரி 2019 அக்டோபரில் காலமானார். சபாவில் அவரைக் கேட்க முடியாமல் போனவங்களுக்கு, அவர் எவ்வளவு தூரம் போனார் என்பதற்கு இந்தப் பதிவு சாட்சி.