குழந்தையின் முழங்கை ஜாக்கிரதை!

நீலகிரியில் கூடலூரை அடுத்த ஸ்ரீமதுரை மேடும் பள்ளமுமான ஊர். தேயிலைச் சரிவு, வயல் வரப்பு, ஏறுவதற்கு மரங்கள். குழந்தைகளுக்கு வேறென்ன வேண்டும்? விழும்போது கையைத்தான் முதலில் ஊன்றுவார்கள். அந்த அதிர்ச்சி போய்த் தாக்குவது முழங்கையை. பட்டணத்து மாடிப்படியில் விழுந்தாலும் கதை இதேதான்.

தாய்மார்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தையின் முழங்கை இன்னும் கட்டி முடியாத வீடு. பிறக்கும்போது மூட்டின் பெரும்பகுதி வெறும் குருத்தெலும்பு. அதில் 6 இடங்களில், ஏறக்குறைய 1, 3, 5, 7, 9, 11 வயதுகளில், ஒவ்வொன்றாக எலும்பு முளைக்கிறது. பெண் குழந்தைகளுக்குச் சற்று முந்தும். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. ஒரு கையில்தானே அடி, மற்றக் கையையும் ஏன் படம் பிடிக்கிறார் டாக்டர் என்று சில சமயம் தோன்றலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான்!

1 முதல் 4 வயதுக் குழந்தையை ஒரு கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். 'வா' என்று வெடுக்கென இழுக்காதீர்கள். முன்கை எலும்பின் தலையைச் சுற்றி வளையம்போல் ஒரு தசைநார் இருக்கிறது. இந்த வயதில் அது இளசு. இழுத்தால் நழுவி மூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். குழந்தை கையை அசைக்காமல் தொங்கவிட்டு அழும். டாக்டர் பெரும்பாலும் நொடியில் சரிசெய்துவிடுவார். தூக்குவதானால் இரு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குங்கள்.

கொஞ்சம் பெரிய குழந்தை விழுந்தால், முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது சகஜம். 5 முதல் 7 வயதில் இது அதிகம். "வளரும் பிள்ளை, தானே நேராகிவிடும்" என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். மணிக்கட்டு முறிவுக்கு அது ஓரளவு பொருந்தும், இங்கே பொருந்தாது. மேல்கை எலும்பின் வளர்ச்சியில் சுமார் 80 சதவிகிதம் தோள் பக்கத்தில் நடக்கிறது. முழங்கைப் பக்கம் 20 சதவிகிதமே. கோணலாகக் கூடிய எலும்பு பெரும்பாலும் கோணலாகவே நின்றுவிடும்.

இன்னொரு அபாயமும் உண்டு. இறுகக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, தசை செத்து, விரல்கள் மடங்கியே போகலாம். வோல்க்மான் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1881-லேயே இதை எழுதி எச்சரித்தார்.

ஆகவே, எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம். இழுத்து நேராக்க வேண்டாம். வளையலைக் கழற்றிவிட்டு, கை இருக்கும் நிலையிலேயே துணியால் ஏந்தல் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மயக்க மருந்து கொடுக்க நேரலாம்; அதனால் வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். விரல் வெளுத்தாலும், சில்லிட்டாலும், மரத்தாலும், வலி ஏறிக்கொண்டே போனாலும் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. கட்டுப் போட்ட பிறகும் இவற்றைக் கவனியுங்கள்.

கூடலூரிலிருந்து ஊட்டிக்கு மலைப்பாதையில் சுமார் 50 கிலோமீட்டர். பெரிய ஆஸ்பத்திரி தூரத்தில் இருப்பவர்கள், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே புறப்படுவதுதான் புத்திசாலித்தனம்.